சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கு வாரம் 5 மணி நேரப் பயிற்சி போதுமா?

சைக்ளோகிராஸ் என்பது புல், சேறு, மேடு எனக் கரடுமுரடான பாதையில், தடுப்புகள் வந்தால் இறங்கி சைக்கிளோடு தாண்டி ஓடும் சைக்கிள் பந்தயம். அமெச்சூர் பிரிவுக்குப் போதும். பந்தயம் பெரும்பாலும் 40 முதல் 50 நிமிடம்தான். மூச்சு வாங்கும்போதே திரும்பத் திரும்ப வேகமெடுக்கும் திறன்தான் அங்கே முக்கியம்.

செவ்வாய்க்கிழமை 20 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, 30 விநாடி கடும் வேகம், 30 விநாடி மெது மிதி என 10 முறை. 5 நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. முதல் மூன்றிலேயே முழு பலத்தையும் காட்டினால் எட்டாவதில் கால் ஓய்ந்துவிடும். பத்தாவதும் முதலாவதன் வேகத்திலேயே வர வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் புல்வெளியில் சைக்கிளிலிருந்து இறங்கி ஏறப் பழகுங்கள். பலர் தவிர்ப்பது இதைத்தான், ஆனால் அதிக நேரம் மிச்சமாவதும் இதில்தான். தடுப்புப் பலகைக்கு முன்பே வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும். ஏறும்போது மேலே எம்பிக் குதிக்காமல், வலது உள்தொடை சீட்டில் வழுக்கிச் சேரட்டும். நடைவேகத்தில் தொடங்குங்கள். கடைசி 10 நிமிடம் சைக்கிளிலிருந்து இறங்கி மேட்டில் ஓட்டம். திடீரென்று கூட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

சனி 45 நிமிடம், ஞாயிறு 2 மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்.

நான்காவது வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள். தவறிய பயிற்சியை மறுநாள் திணிக்காதீர்கள். அடுத்த கடும் பயிற்சியும் கெடும்.