பழைய .38/44 ரிவால்வரும் வீட்டில் தயாரித்த அதிவேகத் தோட்டாக்களும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன், ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். எங்கள் துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்தில் இருந்து மறைந்த ஒருவரின் பொருள்களை அவருடைய மகன் விற்கிறார். அவற்றில் ஸ்மித் அண்ட் வெஸன் .38/44 ஹெவி டியூட்டி ரிவால்வர் ஒன்றும், அதற்காக அவரே வீட்டில் தயாரித்த அதிவேகத் தோட்டாக்கள் நிறைந்த டப்பாக்களும், வெடிமருந்து அளவுகளை எழுதிவைத்த நோட்டும் இருக்கின்றன. "இந்தத் துப்பாக்கி எதையும் தாங்கும்" என்கிறார் மகன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் ரிவால்வரை வாங்குங்கள். தோட்டாக்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். இலவசமாகத் தந்தாலும் சுடுவதற்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"எதையும் தாங்கும்" என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களின் இறுதியில் கொள்ளையர்கள் மோட்டார் காரில் தப்புவதும் உடற்கவசம் அணிவதும் பெருகியபோது, காவலர்கள் வைத்திருந்த சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டாவால் காரின் தகட்டைச் சரியாகத் துளைக்க முடியவில்லை. அதற்கு விடையாக, .44 விட்டத் தோட்டாவுக்கென்று இருந்த பெரிய சட்டகத்தில் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான சிலிண்டரையும் குழலையும் பொருத்தி, 1930-இல் ஹெவி டியூட்டியை ஸ்மித் அண்ட் வெஸன் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, நகர்த்திச் சரிசெய்யக்கூடிய குறிக்காட்டிகளுடன் அவுட்டோர்ஸ்மேன் வந்தது. அந்த ரிவால்வர்களுக்கென்று தோட்டா நிறுவனங்கள் விற்ற அதிவேகத் தோட்டா, 158 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அலகு) எடையுள்ள குண்டை வினாடிக்கு 1,100 அடிக்குச் சற்று மேலான வேகத்தில் செலுத்தியது. சாதாரணத் தோட்டாவில் அதே குண்டின் வேகம் 900 அடியைக்கூட எட்டாது. ஆக, அந்த ரிவால்வர் வலுவானது என்பது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட தோட்டாவைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட வலு அது. எல்லையற்ற வலு என்று அதைப் படிப்பது வாங்குபவரின் கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

இப்போது கைக்கு வந்த ரிவால்வரைச் சோதிப்போம். முதலில் சிலிண்டரைத் திறந்து அறைகள் காலியாக உள்ளனவா என்று பாருங்கள். பிறகு சிலிண்டரின்மேல் ஒரு விரலை லேசாக உராயும்படி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுவதும் பின்னுக்கு வந்து நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். ஒன்றில் பிந்தினாலும், பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக் கேட்பது நியாயம். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்; நன்றாகத் தெரியும்படி ஆட்டம் இருந்தால், அளவுக்கு மீறிய தோட்டாக்களை அது நிறையச் சுட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.004 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. இடைவெளி அளக்கும் தகடு வைத்திருக்கும் பழுதுபார்ப்பவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். நடுவில் எங்காவது இருண்ட வளையம் ஒன்று தெரிந்தால், முன்பு சிக்கிய குண்டின்மேல் இன்னொரு குண்டு சுடப்பட்டுக் குழல் உள்ளே வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ரிவால்வரை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத, .38 ஸ்பெஷலைவிட உறை நீண்ட .357 மேக்னம் போலித் தோட்டா ஒன்றை ஒவ்வொரு அறையிலும் இட்டுப் பாருங்கள். அது விளிம்புவரை முழுவதும் இறங்கினால், யாரோ அறைகளைக் கடைந்து நீட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது பரவலாக நடந்தது. அப்படிக் கடைந்த ரிவால்வரின் சேகரிப்பு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அதைவிட, எத்தனை .357 தோட்டாக்களை அது சுட்டிருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது. கைப்பிடியின் அடியிலுள்ள வரிசை எண் சிலிண்டரிலும் குழலின் அடிப்புறத்திலும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த, மேம்பட்ட சுத்தியல் தடுப்பு (விசையை இழுக்காமல் சுத்தியல் தோட்டாவை அடிக்காதபடி தடுக்கும் பாகம்) உள்ள துப்பாக்கி. போருக்கு முந்தைய தடுப்பில் அழுக்கும் உறைந்த கிரீஸும் சேர்ந்தால் அது வேலை செய்யாமல் போகக்கூடும். ஆகவே முந்தைய துப்பாக்கியானால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

தோட்டாக்களுக்கு வருகிறேன். அவற்றை ஏன் இவ்வளவு கண்டிப்பாக மறுக்கிறேன் என்றால், வெளித்தோற்றத்தில் அவை சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டாக்களே. அடியில் அதே முத்திரை, அதே நீளம், அதே விட்டம். உள்ளே என்ன மருந்து, எத்தனை கிரெய்ன் என்பதைத் தயாரித்தவர் ஒருவரே அறிவார். அவர் இன்று இல்லை. நோட்டில் உள்ள அளவும் டப்பாவில் உள்ள தோட்டாவும் ஒன்றுதான் என்பதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. அந்தத் தோட்டா 1950-இல் வெளிவந்த சிறிய, ஐந்து அறை சீஃப்ஸ் ஸ்பெஷலிலும் தடையின்றி நுழையும். நடுத்தரச் சட்டகம் கொண்ட மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரிலும் நுழையும். ஒரு குடும்பத்தில் இரண்டு ரிவால்வர்கள் இருந்து, டப்பா இடம் மாறினால், சிலிண்டர் பிளப்பதற்கு அதுவே போதும். அந்தத் தோட்டாக்களைக் குப்பையில் போடாமல், உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ ஏற்றுக்கொள்ளும் சுடுதளத்திடமோ கேட்டு ஒப்படையுங்கள். நோட்டை நினைவுப் பொருளாக மகனிடமே விட்டுவிடுங்கள்.

விற்பவர் வேறு மாநிலத்தவராக இருந்தால் ரிவால்வர் உங்கள் மாநிலத்தின் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் உங்களிடம் வர வேண்டும். 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

கேள்வி: என்னிடம் நல்ல நிலையில் ஒரு ஹெவி டியூட்டி இருக்கிறது. பழைய அதிவேகத் தோட்டாவை நானே வீட்டில் தயாரிக்க விரும்புகிறேன். என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? பணம் மிச்சமாகுமா?

பதில்: ஆண்டுக்குச் சில பெட்டிகள் மட்டும் சுடுபவருக்கு மிச்சம் ஏதும் இராது. நிறையச் சுடுபவருக்கும், ஈயக் குண்டைத் தாமே வார்ப்பவருக்கும்தான் கணக்கு சாதகமாகும். அதை அறிந்தே இறங்குகிறீர்கள் என்றால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே வேலையைச் செய்யும் எளிய கையழுத்தி, எண்ணெய் பூசத் தேவையில்லாத கார்பைடு அச்சுகள், சோதனை எடைக்கற்களுடன் கூடிய தராசு, அளவுமானி, தோட்டா உறைகளை நிறுத்திவைக்கும் துளைப்பலகை, கண்களைக் காக்கும் கண்ணாடி, பவுடர் (வெடிமருந்து) நிறுவனம் தற்போது வெளியிடும் அளவுப் பட்டியல் ஆகியவற்றை வாங்குங்கள். ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் வேக இயந்திரத்தைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம்.

இந்தத் தோட்டாவுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. .38 ஸ்பெஷல் உறை 1890-களின் இறுதியில், கரும்பவுடர் நிரப்பப்பட்ட காலத்தில் உருவானது. ஆகையால் அதன் உள்ளிடம் இன்றைய புகையற்ற பவுடருக்கு மிகப் பெரியது. வேகமாக எரியும் பவுடரின் சரியான அளவு உறையின் அடியில் சிறிது படிந்து கிடக்கும். கவனம் சிதறி அதே உறையில் இரண்டாம் முறை பவுடரைக் கொட்டினாலும் அது வழியாது. குண்டும் இயல்பாக மேலே உட்காரும். பழைய பெரிய ரிவால்வர்கள் வெடித்துப் பிளந்ததற்கு இந்த இரட்டை அளவு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே ஐம்பது உறைகளையும் துளைப்பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன்பு, விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பாருங்கள். எல்லாவற்றிலும் பவுடரின் மேல்மட்டம் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்றில் உயரமாகவோ தாழ்வாகவோ தெரிந்தால், அதைக் கொட்டி மறுபடி எடை போடுங்கள். உறையில் பாதிக்கு மேல் இடத்தை அடைக்கும் பருமனான பவுடரைத் தேர்ந்தால், இரட்டை அளவு வெளியே வழிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை நான் வலியுறுத்திப் பரிந்துரைக்கிறேன்.

எவ்வளவு பவுடர் என்று கேட்டால், நான் எண் சொல்ல மாட்டேன். தற்போதைய பட்டியலில் .38 ஸ்பெஷல் பிளஸ் பி (சாதாரணத்தைவிட அழுத்தம் கூடிய வகை) என்ற தலைப்பின் கீழ் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, அதன் உச்ச அளவோடு நில்லுங்கள் என்பதே என் விடை. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரப்படி சாதாரண .38 ஸ்பெஷலுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; பிளஸ் பி-க்கு 20,000; .357 மேக்னத்துக்கு 35,000. பழைய நூல்களில் ஹெவி டியூட்டிக்கென்று அச்சான, அழுத்தம் மிகுந்த அளவுகள் இந்த 20,000-ஐத் தாண்டியவை. அவை அந்நாளைய பவுடரையும் அந்நாளைய அளவீட்டு முறையையும் கொண்டு எழுதப்பட்டவை. பெயர் மாறாமல் இன்றும் விற்கும் பவுடருக்கு அவற்றை அப்படியே பொருத்தக் கூடாது. "பிரைமர் தட்டையாகவில்லை, ஆகவே பாதுகாப்பானது" என்று சிலர் சொல்வார்கள். ரிவால்வரில் பிரைமர் தட்டையாவது போன்ற அதிக அழுத்த அடையாளங்கள் தோன்றும்போது .38 ஸ்பெஷலின் வரம்பை எப்போதோ கடந்திருப்பீர்கள். அதைவிட, குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வாங்குங்கள். அதே நீளக் குழலுக்குப் பட்டியல் சொல்லும் வேகத்தைவிட உங்கள் வேகம் அதிகமாக இருந்தால், அழுத்தமும் அதிகம் என்று கொண்டு, அளவைக் குறையுங்கள்.

உறையின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உறுதியாக மடித்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் பின்னுதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னுக்கு நழுவிச் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். தயாரித்த பெட்டியில் நாள், பவுடர், அளவு, குண்டு, "பெரிய சட்டகத்துக்கு மட்டும்" என்ற எச்சரிக்கை ஆகிய அனைத்தையும் எழுதுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வேகம்தான் என்றால், .357 மேக்னம் என்று பொறித்த ரிவால்வர் ஒன்றை வாங்குங்கள். 1935-இல் அந்தத் தோட்டாவை வெளியிட்டபோது, உறையை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டியதன் நோக்கமே, அது .38 ஸ்பெஷல் அறைகளில் முழுவதும் நுழையக் கூடாது என்பதுதான். .38/44-இன் பெரிய குறையை அதைச் செய்தவர்களே ஐந்தாண்டில் இப்படித் தீர்த்துவிட்டார்கள். பழைய 1,100 அடி வேகம் .357-க்கு மிதமான வேலை. வீட்டில் சிறிய .38 ரிவால்வர் வேறு இருந்தாலும், தோட்டா மாறி விபத்து நேராது.

கேள்வி: அப்படியானால் என் ஹெவி டியூட்டியின் அறைகளையே .357-க்குக் கடைந்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். .357 ரிவால்வருக்குக் கொடுக்கப்பட்ட வெப்பப் பதப்படுத்தலை உங்கள் சிலிண்டர் பெற்றிருக்கிறது என்று கருதிக்கொள்ள இடமில்லை. கடைந்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் டெக்சஸில் வேலை செய்கிறேன். துப்பாக்கி வாங்கப் போவதில்லை. நண்பருக்கு உதவியாக, தோட்டா தயாரிக்கும் பொருள்களை என் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஒன்றியச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அதே சட்டம் 'தோட்டா' என்பதன் வரையறைக்குள் உறை, பிரைமர், குண்டு, பவுடர் ஆகிய ஒவ்வொன்றையும் சேர்த்திருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி எதையும் வாங்கும் முன், இந்தத் துறையும் குடியேற்றச் சட்டமும் அறிந்த வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. சுடுதளத்துக்கு எடுத்துச்சென்ற பையையே விமானப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். அதன் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டாலும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கைச் சந்திக்க நேரும்.