பாதி எலக்ட்ரான் என்று ஒன்று உண்டா?

கேள்வி: சமாரியம் ஹெக்சாபோரைடில் சமாரியத்தின் இணைதிறன் ஏறத்தாழ 2.6 என்று படித்தேன். எலக்ட்ரானைப் பின்னமாக்க முடியாது என்றுதானே பள்ளியில் சொல்லித் தந்தார்கள்? எவ்வளவு குளிர்வித்தாலும் அந்தச் சேர்மம் காந்த ஒழுங்கை அடைவதில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— முதுகலை இயற்பியல் மாணவி, காரைக்குடி

பதில்: எலக்ட்ரான் பின்னமாவதில்லை, அது ஓரிடத்தில் தங்கும் காலம்தான் பங்கு பிரிகிறது. அருமண் தனிமங்களின் 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவின் உட்புறத்தில் ஒடுங்கிக் கிடப்பவை. பக்கத்து அணுக்களோடு அவை பெரும்பாலும் ஒட்டுறவு கொள்வதில்லை. ஆனால் சீரியம், சமாரியம், யூரோப்பியம், தூலியம், இட்டெர்பியம் ஆகியவற்றின் சில சேர்மங்களில் 4எஃப் ஆற்றல் மட்டம் ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் மட்டங்களின் மேல் எல்லைக்கு) மிக அருகில் வந்துவிடுவதால், ஓர் எலக்ட்ரான் உள்ளே இருப்பதற்கும் எலக்ட்ரான்கள் பொருள் முழுவதும் உலவக்கூடிய கடத்துப் பட்டைக்கு வெளியேறுவதற்கும் ஆற்றல் கணக்கில் அநேகமாக வேறுபாடு இல்லாமல் போகிறது. ஆகவே ஒவ்வோர் அணுவும் இரு நிலைகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடுகிறது. சமாரியத்தில் அந்த எலக்ட்ரான் உள்ளே இருக்கும்போது இணைதிறன் 2, வெளியேறும்போது 3; நீங்கள் படித்த 2.6 இவற்றின் சராசரி.

ஊரில் ஒரு வீடும் சென்னையில் ஒரு வீடுமாக வாழும் நம் பகுதிக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே இரவில் தலைக்கணக்கு எடுத்தால் ஒவ்வொருவரும் இங்கோ அங்கோ முழுதாகவே இருப்பார். ஆண்டு முழுவதற்குமான மின்கட்டணக் கணக்கைப் பார்த்தால்தான் பத்தில் நான்கு பங்கு இங்கே, ஆறு பங்கு அங்கே என்பது விளங்கும். ஆய்வுமுறைகளும் இப்படியே இருவகைப்படும். இந்த ஊசலாட்டம் நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான காலத்தில் நிகழ்கிறது. எக்ஸ்-கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளியுமிழ்வு முறை அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விரைவானது என்பதால், அதில் 2, 3 ஆகிய இரு நிலைகளும் தனித்தனி முகடுகளாகத் தெரிகின்றன. யூரோப்பியத்துக்குப் பயன்படும், அணுக்கரு காமாக் கதிரை உறிஞ்சுவதை அளக்கும் மோஸ்பவர் முறையோ நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு காலம் எடுத்துக்கொள்ளும் நிதானமான முறை. யூரோப்பியம் தாமிர சிலிசைடை அதில் ஆராய்ந்தால் இரு நிலைகளுக்கும் நடுவே ஒரே கோடு கிடைக்கிறது, வெப்பநிலையை மாற்றினால் அந்தக் கோடும் இடம் நகர்கிறது. அணுக்களில் சில நிரந்தரமாக 2 என்றும் மற்றவை நிரந்தரமாக 3 என்றும் பிரிந்திருந்தால் அங்கே இரண்டு கோடுகள் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

இனிக் காந்தத்தன்மை. சமாரியம் 3 என்ற நிலையில் அணுவுக்குக் காந்தத் திருப்புத்திறன் உண்டு, அதாவது அது ஒரு சிறு காந்தம்போல் செயல்படும். 2 என்ற நிலையில் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் அடிநிலையில் அது சுழியாகிறது. ஒரு திசையைப் பற்றி நிற்பதற்குள் அணு மறுநிலைக்குத் தாவிவிடும்போது அண்டை அணுக்களோடு அணிவகுக்க வாய்ப்பு ஏது? சாதாரண அருமண் சேர்மங்களில் குளிரக் குளிரக் காந்த ஏற்புத்திறன் (வெளியிலிருந்து தரும் காந்தப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) ஏறிக்கொண்டே போகும்; இவற்றிலோ அது தாழ்வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடுகிறது. ஆனாலும் இதைப் பொதுவிதியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். தூலியத்தின் இரு நிலைகளுக்குமே திருப்புத்திறன் உண்டு என்பதால், தூலியம் செலினைடு இதே ஊசலாட்டத்தில் இருந்தும் சுமார் 3 கெல்வினில் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கை (அண்டை அணுக்களின் காந்தங்கள் எதிரெதிர்த் திசைகளில் அணிவகுக்கும் நிலையை) அடைந்துவிடுகிறது.

கேள்வி: கறுப்பான சமாரியம் சல்பைடைத் தேய்த்தால் பொன்னிறமாகும் என்கிறார்களே, மெய்தானா?
— நகைத் தொழிலாளர், தேவகோட்டை

பதில்: மெய்தான், ஆனால் அதில் குன்றிமணி அளவுகூடத் தங்கம் இல்லை. சர் சி. வி. ராமனிடம் பெங்களூரில் பணியாற்றிய அ. ஜெயராமனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து 1970-இல் வெளியிட்ட முடிவு இது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 6,400 மடங்கு அழுத்தம் கொடுத்தால் அந்தக் குறைகடத்திப் படிகம், உப்பைப் போன்ற தன் படிக அமைப்பு மாறாமலேயே சட்டென்று சுருங்கி உலோகமாகிவிடுகிறது. 4எஃப் எலக்ட்ரானை வெளியேற்றிய சமாரியம் அயனி அளவில் சிறியது என்பதால் அழுத்தம் அந்த நிலைக்கே சாதகம் செய்கிறது. விடுபட்ட எலக்ட்ரான்கள் மஞ்சள், சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பொன்னிறம் தோன்றுகிறது. அழுத்தத்தை விலக்கினால் நிறம் போய்விடும். மெருகேற்றும்போது மேற்பரப்பில் மட்டும் தோன்றும் பொன்படலம் அப்படியே தங்கும் என்றாலும், சூடேற்றினால் அதுவும் கறுத்துவிடும்.