13ஆம் லெவலில் மல்ட்டிகிளாஸ்: ஆட்டம் உண்மையிலேயே கெடுகிறதா?

உங்கள் கேள்வி இதுதான்: பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் பெரிய லெவல் ஆட்டம் நடத்துகிறீர்கள். ஒருவர் பாலடின் என்ற புனித வீரர் கிளாஸோடு சோர்சரர் என்ற மந்திரவாதி கிளாஸைக் கலந்து (இதுதான் மல்ட்டிகிளாஸ்) ஆடுகிறார், மற்றவர்கள் "அநியாயம்" என்று முணுமுணுக்கிறார்கள். தடுத்துவிடலாமா?

தடுக்கலாம். 2014 விதிநூலில் மல்ட்டிகிளாஸ் என்பதே விருப்ப விதிதான், நடத்துபவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். நான் அப்படி உட்காராமல் ஆறு மாதம் தப்பான விஷயத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் குழுவில் இருந்ததும் இதே கலவைதான். பாலடின் 6, சோர்சரர் 7. எண்கள் அந்தந்த கிளாஸில் எடுத்த லெவல்கள். பக்கத்தில் கலப்பே இல்லாத ஃபைட்டர் 13. ஒரு நாள் கருப்பு டிராகன் ஒன்றை இறக்கினேன். கலவைக்காரரைக் கடிக்க இருபதுமுகப் பகடையை உருட்டினேன்: 12. கூட 11 சேர்த்தால் 23. அவருடைய ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய பாதுகாப்பு எண்) 21, பட்டுவிட்டது. நான் டேமேஜ் பகடையைக் கையில் எடுப்பதற்குள் அவர் ஒரு விரலை உயர்த்தி "ஷீல்ட்" என்றார், அவருடைய அடுத்த முறை வரை ஏசியை 5 கூட்டும் மந்திரம். ஏசி 26. படவில்லை. அந்தச் சுற்று முழுக்க எதுவுமே படவில்லை. அவருடைய முறை வந்ததும் இரண்டு வெட்டு, இரண்டிலும் பெரிய ஸ்மைட், அதாவது மந்திர சக்தியைச் செலவழித்து அடியின் டேமேஜைக் கூட்டும் பாலடின் திறன். ஃபைட்டர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டார்.

எல்லோருடைய கோபமும் ஸ்மைட் மேல்தான், என்னுடையதும்தான். ஸ்பெல் ஸ்லாட்டுகள் (மந்திரம் போடச் செலவழிக்கும் இருப்பு) கூடிவிட்டதால் ஸ்மைட் எல்லை மீறிப் போகிறது என்று நினைத்தோம். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பாலடின் 6, சோர்சரர் 7 என்றால் மந்திரக் கணக்கில் பாலடின் லெவலில் பாதிதான் சேரும்: 3 + 7, அதாவது 10. முதல் மட்டத்திலிருந்து வரிசையாக ஸ்லாட்டுகள் 4, 3, 3, 3, 2. மொத்தம் 15. கலப்பில்லாத பாலடின் 13-க்கு 4, 3, 3, 1. மொத்தம் 11. இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் வயிறு எரிகிறது. ஆனால் ஸ்மைட் எத்தனை பெரிய ஸ்லாட்டைப் போட்டாலும் 5 எட்டுமுகப் பகடைக்கு மேல் போகாது, அது நான்காம் மட்ட ஸ்லாட்டிலேயே வந்துவிடுகிறது. போதாததற்கு, முழுப் பாலடினுக்கு 11ஆம் லெவலிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டுமுகப் பகடை இலவசம்.

ஒரு சண்டை மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு அடி, ஆறும் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலவைக்காரர் பெரிய ஸ்லாட்டுகள் ஐந்தையும் இறைத்து, ஆறாவது அடிக்கு ஒரு மூன்றாம் மட்டத்தையும் போட்டால் 25 + 4 = 29 பகடை. முழுப் பாலடின் தன் மேல் ஸ்லாட்டுகளிலிருந்து ஆறை இறைத்தால் 5 + 12 + 6 = 23, இலவசம் 6 சேர்த்து அதுவும் 29. முதல் சுற்றை மட்டும் பார்த்தால் முழுப் பாலடின் 11, கலவை 10!

ஆக, எங்களை உறுத்தியது ஸ்மைட் இல்லை. அந்த ஷீல்ட். +11 உள்ள டிராகன் 21 ஏசியை 55 சதவீதம் அடிக்கும், 26 ஏசியை 30 சதவீதம்தான். பெரிய ஸ்லாட்டெல்லாம் ஸ்மைட்டுக்குப் போனாலும் கீழே நான்கு முதல் மட்ட ஸ்லாட் சும்மா கிடக்கிறது, சுற்றுக்கு ஒன்றாக ஷீல்டுக்கு. முழுப் பாலடினிடமும் அந்த நான்கு உண்டு, ஆனால் அவருக்கு அந்த மந்திரம் கிடையாது. அதற்குமேல் என் தப்பு வேறு. ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதலை எதிர்பார்த்து எழுதப்பட்ட விளையாட்டை நான் லாங் ரெஸ்டுக்கு (ஸ்லாட்டெல்லாம் திரும்ப வரும் நீண்ட ஓய்வு) ஒரே ஒரு சண்டை என்று நடத்திக்கொண்டிருந்தேன். நான்கு ஸ்லாட் நான்கு சுற்றுக்குத் தாராளம்.

பிறகு ஷீல்ட் மந்திரத்தின் விவரத்தைத் திறந்து வாசித்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குச் சொல்லும் வேண்டும், கைச்சைகையும் வேண்டும், பொருள் எதுவும் தேவையில்லை. பொருள் கேட்கும் மந்திரமாக இருந்தால் அதைப் பிடித்த கையாலேயே சைகையும் காட்டலாம். இதற்கு அந்தச் சலுகை இல்லை, ஒரு கை காலியாக இருக்க வேண்டும். நம் ஆளின் வலக்கையில் வாள், இடக்கையில் கேடயம். வார் காஸ்டர் என்ற ஃபீட் (ஒரு திறன் ஏற்றத்துக்குப் பதிலாக எடுக்கும் சிறப்புத் திறமை) எடுத்திருந்தால் தப்பிக்கலாம். எடுக்கவில்லை. திறன் ஏற்றம் மொத்த லெவலைப் பார்த்து வருவதில்லை, ஒவ்வொரு கிளாஸின் லெவலைப் பார்த்து வருகிறது. அவருக்கு 13 லெவலில் இரண்டே ஏற்றம், இரண்டையும் வலிமையில் போட்டுவிட்டார். ஃபைட்டருக்கு அதே 13-ல் நான்கு. ஆறு மாதமாக அவர் உயர்த்திய அந்த விரலுக்கு இடமே இருந்திருக்கவில்லை! அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதே குழுவில் விசார்ட் 7, கிளெரிக் 6 என்று இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. அவரிடம் ஏழாம் மட்ட ஸ்லாட் ஒன்று இருந்தது, ஆனால் அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய மந்திரமே நான்காம் மட்டம். ஸ்லாட் கூட்டிக் கணக்கிடப்படும், மந்திரம் கிளாஸ்வாரியாகத்தான் வரும். நேரான விசார்ட் 13 குழு முழுவதையும் டெலிபோர்ட்டில் ஊர் தாண்டிக் கொண்டுபோய் விடும் லெவலில், இவர் பழைய ஃபயர்பாலையே கொஞ்சம் பெரிதாக எறிந்துகொண்டிருந்தார். பெரிய லெவலில் கலப்பவர்களில் பாதிப் பேர் இப்படித் தங்களையே குறைத்துக்கொள்கிறவர்கள். விசார்ட் மூன்று லெவல் வரை வெளியே சுற்றிவிட்டு வரலாம். நான்காவதும் வெளியே போனால் 20ஆம் லெவலிலும் ஒன்பதாம் மட்ட மந்திரம் கிடையாது, அந்த மட்டத்து விஷ் மந்திரம் போச்சு.

நான் கண் வைத்துப் பார்ப்பது வேறு ஒன்றை. கிளாஸ் லெவலைப் பார்க்காமல் மொத்த லெவலோடு ஏறுகிற விஷயங்கள். வார்லாக் கிளாஸின் எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம் அப்படிப்பட்டது. வார்லாக் இரண்டே லெவல் எடுத்தவர்கூட 17-ல் நான்கு கதிர் விடுவார், அகனைசிங் பிளாஸ்ட் என்ற திறனை எடுத்திருந்தால் ஒவ்வொன்றின் டேமேஜிலும் கரிஸ்மா சேரும், ஸ்லாட் எதுவும் தீராது. குட்டி ஓய்விலேயே திரும்பி வரும் வார்லாக் ஸ்லாட்டுகளைச் சோர்சரர் புள்ளிகளாகவும், அந்தப் புள்ளிகளைப் புது ஸ்லாட்டுகளாகவும் மாற்றி, தூங்காமலே சேர்த்து வைக்கும் தந்திரமும் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் நேராக "முடியாது" என்றுதான் சொல்வேன், வாதம் செய்ய மாட்டேன்.

உங்கள் ஆட்டம் 2024 விதியில் நடக்கிறது என்றால் என் ஸ்மைட் கணக்கு செல்லாது. அதில் ஸ்மைட் போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரம், முறைக்கு ஒன்றுதான்.

2014 என்றால் கலவையை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சண்டையாவது வையுங்கள், இரண்டாவதிலேயே முதல் மட்ட ஸ்லாட்டுகள் தீரத் தொடங்கும். அதற்கும் முன்னால் உங்கள் ஆளின் கதாபாத்திரத் தாளை வாங்கி இரண்டு கையிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையவர் அடுத்த லெவலில் சோர்சரர் 8-க்கான ஏற்றத்தை வார் காஸ்டருக்கே கொடுத்தார், கரிஸ்மா 16-லேயே நின்றது. அதே லெவலில் ஃபைட்டருக்கு ஐந்தாவது ஏற்றம் வந்தது. அதற்குப் பிறகு அவர் பகடையைக் கீழே வைக்கவில்லை.