குரூப்பில் சொன்னால் யாருக்குச் சொன்ன மாதிரி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஃபேஸ்புக்கில் எனக்கு 2,300 நண்பர்கள். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. வெட்டி வேலை என்று வீட்டில் திட்டுகிறார்கள். இவர்களை நண்பர்கள் என்று சொல்லலாமா?
– வாசகர், தாராவி

பதில்: தெரிந்தவர்கள் என்று சொல்லுங்கள், அது ஒன்றும் குறைச்சலான உறவு கிடையாது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களைப் பிடித்து, 'இந்த வேலை இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது, அவரை எவ்வளவு நாளைக்கு ஒருதரம் பார்ப்பீர்கள்' என்று விசாரித்து 1973-ல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆள் சொல்லிக் கிடைத்தது 17 சதவீதம் பேருக்குக்கூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள்தான் சொல்லியிருக்கிறார். கூடவே சுற்றுகிற சிநேகிதனுக்கு நமக்குத் தெரிந்த சேதிதான் தெரியும், வேறு சேதி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். உங்கள் தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களில் எத்தனை பேர், எப்போதோ ஒருதரம் பார்த்த ஊர்க்காரருடைய விலாசத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கியிருப்பார்கள்! வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: போன மாதம் என் கணவருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 46 பேர். முதல் நாள் ராத்திரியே விஷயத்தைப் போட்டேன். 31 பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன், ஒரு போன் வரவில்லை. பக்கத்தில் சயானில் இருக்கிற நாத்தனார்கூடக் கூப்பிடவில்லை. காலையில் படியிறங்கும்போது கீழ்வீட்டு மராத்தி காக்கூ (மராத்தியில் சித்தி) 'எங்கே இவ்வளவு சீக்கிரம்' என்று கேட்டார், சொன்னேன். சாயங்காலம் எவர்சில்வர் டப்பாவில் வரண்-பாத் (பருப்பும் சோறும்) எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். சரியா?
– வாசகி, செம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை ரெண்டு தரம் படித்தேன் சகோதரி. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வெளியே வருவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள்.

1968-ல் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக் வழியாகப் பேசச் சொன்னார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. நடுவில் ஒரு குரலுக்கு வலிப்பு வந்த மாதிரித் திணறும், உதவி கேட்கும். உண்மையில் அது பதிவு செய்த குரல். கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தவர்கள் 85 சதவீதம். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழுந்திருக்காதவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் இல்லை, பலருக்குக் கை நடுங்கியதாம், உள்ளங்கை வியர்த்ததாம். அந்த மைக் அறைகளுக்கும் நம் குடும்ப குரூப்புக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து பேருக்கே அப்படியென்றால் 46 பேருக்கு எப்படி இருக்கும்?

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் என் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, தம்பி குரூப்பில் போட்டான். நானும் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு, அண்ணன் பேசியிருப்பான் என்று இருந்துவிட்டேன். அண்ணன் நான் பேசியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான். பத்து நாள் கழித்துப் பேசினேன். 'எல்லாரும் போட்டீங்கப்பா, ஒருத்தர் குரலும் கேக்கலையே' என்றார் சித்தி. இப்போதும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது, அவரிடம் எனக்கு அன்பு இல்லாமல் இல்லையே.

காக்கூவைப் பாருங்கள். படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த நிமிஷம் அதைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அவரால் நினைக்க முடியாது.

அதனால் குரூப் இருக்கட்டும். ரத்தம் தேவை, காலேஜ் அட்மிஷன் விசாரிக்க வேண்டும், கல்யாணத் தேதி சொல்ல வேண்டும் என்றால் அது நல்ல இடம். கஷ்டம் என்றால் மூன்று பேருக்குப் போன் போடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'நாளைக் காலையில் எட்டு மணிக்கு வா, என்னோடு உட்காரு' என்று இன்னதுதான் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நாம் நினைக்கிறோம், நம்மவர்களுக்கு அதுதான் பெரிய தடை. இன்னொன்று, மெசேஜை அழுத்திப் பிடித்து யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். திறந்தார்கள் என்பதுதான் அதில் தெரியும், கூட்ட ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தார்களா, படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தார்களா என்பதெல்லாம் தெரியாது.

நாத்தனாருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். 'நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்' என்று சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம், வாயால். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம், அந்த டப்பாவைக் காக்கூவிடம் வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலாவது வைத்துக் கொடுங்கள்.