வரிக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஊரில் இருக்கும் வைப்புத்தொகைக்கு வங்கி தர வேண்டிய வட்டிச் சான்றிதழ் இன்னும் வந்தபாடில்லை. அதனால் வரிக் கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 15 வரை அவகாசம் கேட்கப் போகிறோம். அதற்கான 4868 படிவத்தைத் தபாலில் அனுப்பினால்தான் கையில் அத்தாட்சி இருக்கும் என்கிறார் என் கணவர். கணினியிலேயே அனுப்பலாமே என்று கல்லூரியில் படிக்கும் மகன் அதைக் கேட்டுச் சிரிக்கிறான். யார் பக்கம் நியாயம்?
(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அத்தாட்சி வேண்டும் என்பதில் நான் உங்கள் கணவர் கட்சி. அது தபாலில்தான் கிடைக்கும் என்பதில் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் அவரைப் போலத்தான் நினைத்தேன். ஒருவருடைய படிவத்தைக் கெடு நாளான ஏப்ரல் 15 மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். கடைசியாகத் தபால் எடுக்கும் நேரம் பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தது, நான் பார்க்கவில்லை. உறையில் 16-ஆம் தேதி முத்திரை விழுந்த சங்கதி, அவகாசம் மறுக்கப்பட்ட கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. அவருக்கு வந்த அபராதத்தை என் கைக்காசிலிருந்து கட்டினேன். தவறு என்னுடையது, வேறு யாரைச் சொல்ல?

கெடுவுக்குள் தபாலில் சேர்த்துவிட்டால் கெடுவுக்குள் தாக்கல் செய்ததாகவே கொள்ளலாம் என்கிறது அமெரிக்க வரிச் சட்டத்தின் 7502-ஆம் பிரிவு. ஆனால் அதற்குச் சாட்சி முத்திரைதான். இப்போது அந்தச் சாட்சியும் கொஞ்சம் தடுமாறுகிறது. முத்திரையில் உள்ள தேதியும் தபாலை ஒப்படைத்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை, 2025 டிசம்பர் 24 முதல் அஞ்சல் துறை தன் விதிகளிலேயே எழுதி வைத்துவிட்டது. வட்டார மையத்தில் இயந்திரம் முத்திரை குத்தும்போது ஒரு நாளோ அதற்கு மேலோ கடந்திருக்கலாம். ஆகவே தபால்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், கவுண்டருக்குப் போய், அனுப்பியதற்கு ரசீது தரும் சர்டிஃபைட் மெயிலாக அனுப்பச் சொல்லுங்கள். ரசீதில் அன்றைய தேதி முத்திரையைக் கேட்டு வாங்கட்டும். முத்திரை விழாத ரசீதை நான் அத்தாட்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தபாலில் இன்னொரு சங்கடம்: படிவம் கிடைத்தது என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பதில் எழுதாது. மறுத்தால் மட்டுமே கடிதம் வரும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கணினி வழியே அனுப்பினாலோ ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வரும். அச்செடுத்துக் கோப்பில் வைக்கலாம். ஐ.ஆர்.எஸ்.ஸின் இணையத் தாக்கல் சேவையான ஃப்ரீ ஃபைல் வழியாக அவகாசம் கேட்பதற்குக் கட்டணமும் இல்லை, வருமான வரம்பும் இல்லை.

உங்கள் வீட்டில் இருவருமே சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால், ஐ.ஆர்.எஸ். தளத்தில் டைரக்ட் பே வழியாகப் பணம் கட்டுங்கள். எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் (அவகாசம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான், 4868 படிவமே வேண்டாம். கிடைக்கும் உறுதி எண்தான் அத்தாட்சி. இரண்டு இடங்களில் மட்டும் கை தவறக்கூடாது. நிலுவைத் தொகை என்று குறித்துவிட்டால் அவகாசம் கிடைக்காது. 2026 ஏப்ரலில் கட்டினாலும் வரி ஆண்டு 2025 என்றுதான் குறிக்க வேண்டும். நன்கு படித்தவர்களே இங்கே 2026 என்று போட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

அவகாசம் கணக்கைக் கொடுப்பதற்குத்தான், பணத்தைக் கட்டுவதற்கு அல்ல. 4,000 டாலர் வரி பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவகாசமும் கேட்காமல் கணக்கும் கொடுக்காமல் இருந்தால் மாதத்துக்கு 5 சதவீதம், அதாவது 200 டாலர் அபராதம். ஐந்தே மாதத்தில் 1,000. அவகாசம் வாங்கிவிட்டுப் பணம் மட்டும் கட்டாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம், 20 டாலர். வட்டி இரண்டிலும் உண்டு. மொத்த வரியில் 90 சதவீதமாவது ஏப்ரல் 15-க்குள் போய்ச் சேர்ந்து, மீதியைக் கணக்கோடு கட்டினால் அந்த அரை சதவீதமும் விழாது. வட்டிச் சான்றிதழ் வரவில்லை என்றால் சென்ற ஆண்டுத் தொகையை வைத்து உத்தேசமாகக் கணக்கிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு திருமணமாகி மனைவி ஹெச்-4 விசாவில் (என் வேலை விசாவைச் சார்ந்த துணைவர் விசா) வந்திருக்கிறார். சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. 4868 அனுப்பப் போனால் மென்பொருள் அந்த எண்ணைக் கேட்டு அடம்பிடிக்கிறது.
(வாசகர், ப்ளேனோ, டெக்சாஸ்)

பதில்: உங்களுக்குத் தபால்தான் வழி. காகிதப் படிவத்தில் அவர் எண்ணுக்கான கட்டத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் “ஐ.டி.ஐ.என். டு பீ ரிக்வெஸ்டட்” என்று எழுதுங்கள். ஐ.டி.ஐ.என். என்பது சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் வரி எண். அதற்கான டபிள்யூ-7 விண்ணப்பத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது பிறகு வரிக் கணக்கோடு போகட்டும். மேலே சொன்ன சர்டிஃபைட் மெயில் உபதேசம் உங்களுக்கும் பொருந்தும். கூரியர் இன்னும் பத்திரம் என்று தோன்றலாம். ஆனால் காசோலையோடு அனுப்பும் முகவரிகள் பெரும்பாலும் அஞ்சல் பெட்டி எண்கள். அங்கே தனியார் கூரியர் போய்ச் சேராது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

கேள்வி: கணினியில் அனுப்பிய 4868 நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டது. கெடு முடிந்ததா?
(வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பதில்: பதற வேண்டாம். கெடுவுக்குள் அனுப்பியதுதானே? திருத்தி மறுபடி அனுப்ப ஐந்து நாள் உண்டு. படிவத்தோடு சேர்த்தே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சொல்லியிருந்தால், சென்ற ஆண்டுக் கணக்கிலுள்ள, ஏ.ஜி.ஐ. எனப்படும் சரிக்கட்டிய மொத்த வருமானத் தொகையைக் கேட்பார்கள். அது ஒத்துப்போகாவிட்டால் திருப்பிவிடுவார்கள். பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள். கலிஃபோர்னியா மாநில வரிக்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது, அவகாசம் தானாகவே உண்டு. ஆனால் அங்கும் பணத்துக்கு ஏப்ரல் 15-தான்.

கேள்வி: அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக மதுரை போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். மருத்துவமனைக் காகிதங்களோடு இரண்டு பக்க விளக்கக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். அவகாசம் கேட்கும் படிவத்துடன் எப்படி இணைப்பது?
(வாசகர், சிகாகோ)

பதில்: அப்பா நலமாகட்டும். கடிதம் வேண்டாம். அந்தப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டமே இல்லை. கையெழுத்துக்குக்கூட இடம் விடவில்லை.