எஃப்.பி.எஸ்.ஓ கப்பல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எஃப்.பி.எஸ்.ஓ என்பது கப்பலா, எண்ணெய்க் கிணறா? (பூன் லே வாசகர்)

கப்பல்தான். மிதந்துகொண்டே எண்ணெய் எடுத்து, சேமித்து, இறக்கிவிடும் கப்பல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கிணறு தோண்டுவது ரிக் என்ற துளையிடும் மேடையின் வேலை. கடலடியிலிருந்து குழாயில் ஏறிவரும் எண்ணெய், எரிவாயு, தண்ணீர்க் கலவையை எஃப்.பி.எஸ்.ஓ பிரிக்கும். எண்ணெயைத் தன் டேங்குகளில் சேர்த்துவைத்து, வந்து நிற்கும் டேங்கருக்கு ஹோஸ் வழியாக ஏற்றிவிடும். 1977இல் ஸ்பெயின் கடலில் ஷெல் நிறுவனம் நிறுத்தியதுதான் இந்த வகையில் முதல் கப்பல். நம் பக்கத்திலும் உண்டு: காக்கிநாடாவுக்கு அப்பால் ஓ.என்.ஜி.சி.யின் ஆழ்கடல் வயலில் 2024 ஜனவரியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது இப்படியொரு கப்பலில்தான்.

எண்ணெய் விலை விழுந்தால் எஃப்.பி.எஸ்.ஓ கம்பெனிகள் மூழ்கிவிடுமா?

உடனே இல்லை. பெரும்பாலும் இவை கப்பலை நாள் வாடகைக்கு விடுகின்றன. எடுக்கும் எண்ணெய் மட்டும் வயல்காரருக்குச் சொந்தம். நீண்டகால ஒப்பந்தம் இருப்பதால் வாடகை வந்துகொண்டிருக்கும். ஆனால் புது ஆர்டர் நின்றுபோகும். 2014இன் பிற்பகுதியில் விலை சரிந்த பிறகு சிங்கப்பூரின் கப்பல் கட்டும் யார்டுகளிலும் சப்-கான் (துணை ஒப்பந்த) ஆட்களிடமும் அந்த அடி பலமாகவே விழுந்தது.

அண்ணே, துவாஸ் யார்டில் டேங்குக்குள் பெயிண்ட் அடிக்கிறேன். "மூலையில் கொஞ்சம் விட்டாலும் பரவாயில்லை, அடுத்த டாக்கிங்கில் பார்த்துக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். சரியா?

சரியே இல்லை, தம்பி. சரக்குக் கப்பல் சில வருடத்துக்கு ஒருமுறை பழுதுபார்க்க டாக்குக்கு வரும். எஃப்.பி.எஸ்.ஓ வராது. நங்கூரம் போட்டு நின்றால் 15, 20 வருடம் அங்கேயே எண்ணெய் எடுக்கிற மாதிரிதான் வடிவமைக்கிறார்கள். கயானாவின் லிசா டெஸ்டினி, பழைய டேங்கர் ஒன்றைச் சிங்கப்பூரில் மாற்றிக் கட்டிய கப்பல். நாளுக்கு 1,20,000 பீப்பாய் எடுக்கும் திறனுடன் 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அதன் டேங்கில் துரு பிடித்தால் நடுக்கடலில், உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டேங்கைக் காலி செய்து, கழுவி, வாயு வெளியேற்றி, ஆள் இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

துரு எங்கே தொடங்கும் தெரியுமா? நடுத் தகட்டில் அல்ல. விளிம்பிலும் வெல்டிங் தையலிலும் தகட்டைத் தாங்கும் ஸ்டிஃப்னருக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் படாத இடத்திலும்தான். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் காயும்போது விலகி மெலிந்துவிடும். அதனால்தான் ஸ்ப்ரேக்கு முன்னால் அந்த இடங்களில் பிரஷ்ஷால் ஸ்ட்ரைப் கோட் என்ற கூடுதல் பூச்சு போடச் சொல்கிறார்கள். அதைத் தாண்டிப் போகச் சொன்னால் கோட்டிங் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு அந்த மூலையைக் காட்டு. நீ பிரஷ் வைக்கும் இடத்தை நம்பித்தான் வேறொருவர் அந்தக் கப்பலில் தூங்கப் போகிறார்.

என் கணவர் யார்டில் டேங்குக்குள் இறங்கி வேலை பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பயம் நியாயமானதுதான், அம்மா. அவரிடம் இதைக் கேளுங்கள்: இறங்குவதற்கு முன் வாயு அளந்தார்களா? சிங்கப்பூர் விதிப்படி ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியும் வாயு, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். காலையில் அளந்ததை நம்பி சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கக் கூடாது. திரும்ப அளக்கச் சொல்லட்டும்.

அதைவிட முக்கியம், அலாரம் அடித்தால் உள்ளே போகக் கூடாது. 2015 பிப்ரவரி 11 அன்று பிரேசில் கடலில் சிடாடே டி சாவ் மாத்தேயுஸ் என்ற எஃப்.பி.எஸ்.ஓ.வின் பம்ப் ரூமில் கசிவு ஏற்பட்டது. வாயு இருப்பது தெரிந்தும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். வெடித்து 9 பேர் இறந்தார்கள். இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சம்பவத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புயல் வந்தால்?

பல கப்பல்கள் டரெட் என்ற சுழல்தூணில் கட்டப்பட்டிருக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் சில கப்பல்கள் டரெட்டைக் கழற்றிவிட்டுப் புயலிலிருந்து விலகிப் போய்விடும்.

ஊரில் ஒரு ஏஜென்ட், எஃப்.பி.எஸ்.ஓ.வில் வேலை வாங்கித் தர லட்சக்கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து கப்பலுக்கு ஆள் அனுப்ப ஆர்.பி.எஸ்.எல் உரிமம் வேண்டும். அது உள்ளவர்களும் மாலுமியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. உரிம எண்ணைக் கேட்டு, கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி என்றால், வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் அதிகபட்சம் ஒரு மாதச் சம்பளம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம், கப்பலுக்கு ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் தப்பிக்கும் போசியட் பயிற்சி பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் "அடுத்த வாரம் ஃப்ளைட்" என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக்கூடக் கொடுக்க வேண்டாம்.