மாஸ்க் போட்டு நடந்தால் மூளைக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 66, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பல வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் உடற்பயிற்சி செய்தால் மூளை ரத்தக் குழாய்களுக்கு நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதற்கென்று மாஸ்க் விற்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, மாதம் ஒருமுறை ஏலகிரி போய் நடந்தால் போதுமா? குறட்டை அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதுவும் சரியாகுமா?

பதில்: மாஸ்க் வேண்டாம் ஐயா. அது காற்று வரும் வழியை அடைத்து மூச்சு இழுப்பதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். மலைக்காற்று அதில் வராது.

ஆராய்ச்சிகளில் செய்வது வேறு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஒரு கருவி அதை 10 முதல் 15 சதவீதமாகக் குறைத்துத் தரும். சில நிமிடம் அந்தக் காற்று, சில நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். விரலில் ஆக்சிமீட்டர் இருக்கும், பக்கத்தில் கவனிக்க ஆளும் இருப்பார். ஆக்சிஜன் குறைந்ததும் செல்கள் அதை உணர்ந்து, ரத்தக் குழாய்களை விரியவும் புதிதாக வளரவும் வைக்கும் பொருட்களைச் சுரக்கும். செல்கள் அதை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த மூவருக்குத்தான் 2019-ல் நோபல் பரிசு. யோசனை நல்லதுதான். ஆனால் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். இதனால் பக்கவாதம் வராமல் தடுக்கலாம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் எட்டில் ஒரு பங்குதான் குறைவு. மாதம் ஒருநாள் போய் வந்தால் ரத்தக் குழாய்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. குளிர்ச்சிக்காகத் தாராளமாகப் போங்கள்.

நடைக்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது. வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாயின் உட்சுவரை உரசி ஓடும். அப்போது உட்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து குழாயைத் தளர்த்தும். வயதானால் விறைத்துப்போகும் குழாய்களுக்கு இது வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் கோட்டையைச் சுற்றி முடித்துவிடுவது நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று, மருத்துவரைப் பாருங்கள். நடக்கிறோமே என்று பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூளை ரத்தக் குழாய்களைக் காப்பதில் அதற்குத்தான் முதலிடம்.

அப்புறம், குறட்டையைப் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், அப்போதும் ஆக்சிஜன் இறங்கி இறங்கி ஏறும். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் அளவோடு கொடுப்பது போல இல்லை. இரவு முழுக்க, வருடக்கணக்கில், கட்டுப்பாடே இல்லாமல் நடப்பது. பி.பி.யை ஏற்றும், பக்கவாத ஆபத்தையும் கூட்டும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாஸ்க்குக்கு வைத்த பணத்தில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வேலூரில் பெரிய மருத்துவமனைகளில் வசதி உண்டு. போவதற்கு முன், நீங்கள் தூங்கும்போது சில நிமிடம் போனில் வீடியோ எடுக்க வீட்டில் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது ரொம்ப உதவும்.